குவாரிக் கோப்பில் எது ரகசியம், எது பொது?

கிரானைட் குவாரிக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வருபவர்களில் அநேகமாக எல்லோரும், சுரங்கத் திட்டம் தயாரிக்கும் என்னைப் போன்ற புவியியலாளர்களிடம் முதல் நாளிலேயே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "சார், இதெல்லாம் வெளியில போகாதில்ல?" போகும் என்பதே நேர்மையான பதில். கோப்பில் வைக்கும் விவரங்களில் பெரும்பகுதி பொதுமக்கள் பார்வைக்குப் போய்ச் சேரும், சேர வேண்டியதும்தான். வெளியே போகக் கூடாத ஒரு சிறு பகுதியும் உண்டு. அதைக் கோப்புக் கட்டும்போதே பிரித்து வைத்திருந்தால் காப்பாற்றலாம். யாரோ நகல் கேட்ட பிறகு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினால் அநேகமாக முடியாது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் குவாரிகளுக்காக இந்த வேலையைச் செய்துவந்ததில் கண்டவற்றை, புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கும் என் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

கோப்பு எங்கெல்லாம் பயணம் செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின் கீழ் விண்ணப்பம் கொடுக்கும்போது சிட்டா, அடங்கல், புலப்படம், கிராம வரைபடம், நில உரிமையாளரின் சம்மதப் பத்திரம் ஆகியவை போகின்றன. எந்தப் பரப்புக்கு அனுமதி தர உத்தேசம் என்று துறை தெரிவிக்கும் துல்லியப் பரப்புக் கடிதம் வந்த பிறகு நாங்கள் தயாரிக்கும் சுரங்கத் திட்டம் போகிறது. அதில் பாறையின் தன்மை, புவியியல் இருப்பு, வெட்டி எடுக்கத்தக்க இருப்பு, ஆண்டுவாரி உற்பத்தி, கழிவுக் கல்லைக் கொட்டும் இடம், குவாரியை மூடும் திட்டம் என்று எல்லாமே இருக்கும். புவியியல், சுரங்கத் துறையின் மாவட்ட உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் கிண்டியிலுள்ள அதன் ஆணையரகத்துக்கும் போவதோடு அது நிற்பதில்லை. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் எதிர் ஹரியானா அரசு வழக்கில், 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறுகனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிய பிறகு, சிறிய குவாரிக்காரரின் சுரங்கத் திட்டமும் சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பத்தின் இணைப்பாகிவிட்டது. அத்தகைய விண்ணப்பங்களுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அது ஏறியதும், வீட்டில் உட்கார்ந்துகொண்டே யாரும் அதைத் தரவிறக்கிப் படிக்கலாம். உதவி இயக்குநர் அலுவலக அலமாரியில் இருக்கும் காகிதத்தைப் பற்றி மணிக்கணக்கில் கவலைப்படும் உரிமையாளர்கள், இந்த இணையப் பதிவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காதது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

கிரானைட்டில் உண்மையான தொழில் ரகசியம் எது என்று கேட்டால், இருப்பு எத்தனை லட்சம் கன மீட்டர் என்பது அல்ல. பாரடைசோ போன்ற வண்ணக் கல்லில் அந்த வண்ணமும் அலையோட்டமும் எந்தப் பக்கம், எந்த ஆழத்தில் மாறுகின்றன, வெடிப்புக் கோடுகள் எவ்வளவு இடைவெளியில் வருகின்றன, அதனால் எந்த அளவு பிளாக் (பாறையிலிருந்து வெட்டியெடுத்து விற்கும் பெரிய கல்) எடுக்க முடியும் என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன. குன்னம் கறுப்புக் கல்லாக இருந்தால் வண்ணம் ஒன்றுதான். அங்கே ஒரு மயிர்க் கோடுகூட இல்லாத பிளாக் எங்கே கிடைக்கும் என்பதே கேள்வி. இவற்றுக்கு மேல் யாருக்கு என்ன விலைக்கு விற்கிறோம், ஒரு கன மீட்டர் எடுக்க எவ்வளவு செலவாகிறது, கல்லை அறுக்கும் கம்பி ரம்பமான வயர்சாவை எப்படி ஓட்டுகிறோம் ஆகியவை சேரும். எல்லைத் தூண்களின் ஆயத்தொலைவுகள், குவாரியின் இறுதி ஆழம், வெடி வைக்கும் நேரம், வீடுகளும் கிணறுகளும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பவை எந்தக் கணக்கிலும் தொழில் ரகசியம் ஆகா. எல்லைத் தூண் விவரத்தை மறைக்க முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. பக்கத்து நிலத்துக்காரர் தன் நிலத்துக்குள் குவாரி வருகிறதா என்று சரிபார்க்க இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான் என்பதால், அந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 இந்த விஷயத்தில் என்ன சொல்கிறது என்பதை உரிமையாளர்கள் பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். 8(1)(டி) பிரிவு வணிக நம்பகம், தொழில் ரகசியம், அறிவுசார் சொத்து ஆகியவற்றுக்கு விலக்கு தருகிறது. ஆனால் வெளியிட்டால் மூன்றாம் தரப்பின் போட்டி நிலைக்குத் தீங்கு ஏற்படும் என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டினாலும், பெரிய பொதுநலன் இருப்பதாகத் தகுதியுள்ள அதிகாரி கருதினால் கொடுத்துவிடலாம். 11-ஆம் பிரிவு, மூன்றாம் தரப்பு கொடுத்ததும் அந்தத் தரப்பு ரகசியமாகக் கருதியதுமான தகவலை வெளியிட நினைக்கும் பொதுத் தகவல் அலுவலர், மனு வந்த 5 நாட்களுக்குள் அந்தத் தரப்புக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது. அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 10 நாட்களுக்குள் நாம் ஆட்சேபம் சொல்லலாம். மனு வந்த 40 நாட்களுக்குள் அலுவலர் முடிவெடுத்தாக வேண்டும்.

இதில் "ரகசியமாகக் கருதிய" என்ற சொற்றொடரில்தான் எல்லாம் இருக்கிறது. சுரங்கத் திட்டத்தின் அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பு மையில் 'ரகசியம்' என்று முத்திரை குத்திக் கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முத்திரை எதையும் பூட்டி வைப்பதில்லை. யாராவது கேட்டால் நமக்கு ஓர் அறிவிப்பு வரச் செய்யும், அவ்வளவுதான். அந்த அறிவிப்புக்காகவேனும் குறிப்பிட்டு எழுதித் தர வேண்டும் என்பது உண்மை. ஆனால் சர்வே எண் இருக்கும் பக்கத்திலும் முத்திரை, சிட்டா நகலிலும் முத்திரை என்று இருந்தால், உண்மையிலேயே காக்க வேண்டிய பக்கத்து முத்திரையையும் அலுவலர் பொருட்படுத்த மாட்டார்.

பர்கூர் பக்கம் பாரடைசோ குவாரி வைத்திருந்த ஒருவருக்கு அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. ஒப்புதல் பெற்ற சுரங்கத் திட்டத்தை எல்லா இணைப்புகளுடனும் கேட்டு உள்ளூர்க்காரர் ஒருவர் மனு செய்திருந்தார். அவருக்குப் பின்னால் போட்டிக் குவாரிக்காரர் இருக்கிறார் என்பது என் வாடிக்கையாளரின் உறுதியான நம்பிக்கை. "சார், ஒரு பக்கம்கூடக் குடுக்கக் கூடாதுன்னு எழுதிருங்க, அவன் எதுக்குக் கேக்கறான்னு எனக்குத் தெரியும்" என்றார். எதற்குக் கேட்கிறார் என்பது சட்டத்தின் முன் செல்லாத கேள்வி. மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. மனுதாரரின் நோக்கத்தைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியும் நம்முடைய 10 நாட்களில் ஒரு பகுதியை வீணாக்குவதாகும்.

அவரைச் சமாதானப்படுத்தி, கோப்பைப் பக்கம் பக்கமாகப் பிரித்தோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதில் என்ன விவரம் இருக்கிறது, வெளியானால் குறிப்பாக என்ன நட்டம், அதே விவரம் ஏற்கெனவே வேறெங்காவது வெளியாகியிருக்கிறதா என்று மூன்று கட்டங்களில் எழுதினோம். மூன்றாவது கட்டம்தான் கண்ணைத் திறந்தது. சுற்றுச்சூழல் அனுமதியைப் பரிசீலித்த மாநில வல்லுநர் மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்புகள் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றில் இந்தக் குவாரியின் இருப்பு, ஆண்டு உற்பத்தி, கழிவின் அளவு, இறுதி ஆழம் எல்லாம் அச்சாகியிருந்தன. பாதிக்கு மேற்பட்ட பக்கங்கள் அந்த இடத்திலேயே ஆட்சேபப் பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டன.

எஞ்சியவற்றில் அதிகம் சண்டை நடந்தது ரெக்கவரி சதவீதத்தைப் பற்றித்தான். வெட்டி எடுக்கும் பாறையில் எத்தனை பங்கு விற்கத்தக்க பிளாக்காகத் தேறும் என்பதே ரெக்கவரி. அது தெரிந்தால் என் லாபக் கணக்கே தெரிந்துவிடும் என்று உரிமையாளர் வாதிட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 1,000 கன மீட்டர் வெட்டி 25 சதவீதம் தேறுகிறது என்றால் 250 கன மீட்டர் பிளாக்காகவும் 750 கன மீட்டர் கழிவாகவும் போகிறது. அந்தக் கழிவு எங்கே, எவ்வளவு உயரத்துக்குக் கொட்டப்படும், மழைக்கு அது சரிந்து எந்த ஓடையில் விழும் என்பது கீழே விவசாயம் செய்பவரின் கவலை. பிளாக்கின் அளவுக்குத்தான் அரசுக்கு உரிமத் தொகை வருகிறது என்பதால், தேறிய அளவைக் குறைத்துக் காட்டினால் நட்டம் அரசுக்கு. இதையெல்லாம் விட எளிய உண்மை ஒன்று உண்டு: ஆண்டு உற்பத்தியும் கழிவின் அளவும் கூட்டக் குறிப்பில் இருக்கும்போது, ரெக்கவரியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட வகுத்துக் கண்டுபிடித்துவிடும். ஒரு விவரத்துக்கு ரகசியம் கோருவதற்கு முன், வெளியே கிடக்கும் மற்ற எண்களிலிருந்து அதைக் கணக்கிட முடியுமா என்று பார்ப்பது அன்றிலிருந்து என் வழக்கமாகிவிட்டது.

கடைசியில் நாங்கள் ஆட்சேபித்தவை வாங்குபவர்கள் தந்த கடிதங்கள், விலைக் கணக்கு, உற்பத்திச் செலவுப் பட்டியல், பாறையில் துளையிட்டு ஆழவாரியாகக் கண்டதை எழுதும் துளைப் பதிவேட்டின் சில பத்திகள் ஆகியவை மட்டுமே. துளைப் பதிவேட்டில் எந்த ஆழத்தில் வண்ணம் மாறுகிறது, வெடிப்புகளின் இடைவெளி என்ன என்ற பத்திகளை மறைக்கக் கேட்டோம். மண் கனமும் நிலத்தடி நீர்மட்டமும் இருந்த பத்திகளைக் கொடுக்கலாம் என்று நாங்களே எழுதினோம். அலுவலர் 10-ஆம் பிரிவின்படி பகுதி பகுதியாகப் பிரித்து, ஏறக்குறைய நாங்கள் கேட்டபடியே உத்தரவிட்டார். கொடுக்கலாம் என்று நாமாகவே ஒப்புக்கொண்ட பக்கங்கள் அதிகமாக இருந்ததால்தான், கொடுக்க வேண்டாம் என்ற சில பக்கங்களில் எங்கள் சொல்லுக்கு மதிப்பு கிடைத்தது என்பது என் கணிப்பு. உரிமையாளருக்கு முழுத் திருப்தி இல்லை. 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு என்று சொன்னேன். கூட்டக் குறிப்பை அச்செடுத்துக் கையில் கொடுத்த பிறகு அவரே விட்டுவிட்டார்.

இந்தப் பிரிப்புக்கு நல்ல அளவுகோல் ஒன்று அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கான 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தில், நிலக்கரியின் வேதியியல், இயற்பியல் தன்மைகளை மட்டும் பற்றிய பகுப்பாய்வு ரகசியமாக வைக்கப்படும். ஆனால் அதில் சுற்றுச்சூழலுக்கு நச்சாகக்கூடிய கூறுகளைப் பற்றிய விவரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்குள்ள விதிகளின்படி, ரகசியம் கோரும் பகுதியை விண்ணப்பதாரரே தெளிவாக அடையாளமிட்டு, மற்ற விண்ணப்பத்திலிருந்து பிரித்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் இப்படி எழுதப்பட்ட விதி இல்லாவிட்டாலும், ஒரே துளையிலிருந்து கிடைத்த தரவில் சந்தைக்கானது எது, கிணற்றுக்காரருக்கானது எது என்று பிரிப்பதற்கு நான் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறேன்.

பெரிய வழக்கறிஞர்கள் சிலர் 8(1)(இ) பிரிவைப் பிடித்துக்கொண்டு, நம்பிக்கையின் பேரில் துறையிடம் ஒப்படைத்த தகவல் என்று வாதிடுவதும் உண்டு. 2015 டிசம்பரில் ரிசர்வ் வங்கி தொடர்பான வழக்கில், சட்டப்படி கொடுத்தே தீர வேண்டிய தகவலை வாங்கி வைத்திருக்கும் கண்காணிப்பு அமைப்பு அந்த நிறுவனங்களுக்கு நம்பிக்கைப் பொறுப்பாளர் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சுரங்கத் திட்டமும் சட்டப்படி கொடுத்தாக வேண்டிய ஆவணம்தான் என்பதால், அந்த வாதத்தில் காலத்தைச் செலவிட நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

தமிழ்நாட்டு கிரானைட்டைப் பொறுத்தவரை பொதுநலன் என்ற தட்டு எப்போதும் கனமாகவே இருக்கும். அதற்குக் காரணம் மேலூர். 2012-இல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கையும், 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் கிரானைட் முறைகேடுகளை விசாரிக்க அவரையே சட்ட ஆணையராக நியமித்ததும், 2015 நவம்பரில் அவர் தாக்கல் செய்த அறிக்கையும் இந்தத் தொழிலில் யாரும் மறக்காதவை. அனுமதித்த பரப்பைத் தாண்டி வெட்டியதும் கணக்கில் வராமல் கல் போனதுமே அங்கே குற்றச்சாட்டுகளாக இருந்ததால், பரப்பு, அளவு, நடைச்சீட்டு (கல்லை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) ஆகியவற்றைப் பற்றிய எந்த விவரத்துக்கும் ரகசியம் கேட்பவரை அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவருக்கு இது வருத்தமாக இருக்கலாம். ஆனால் அந்தச் சந்தேகம் நியாயமானது.

பொதுக் கருத்துக் கேட்பு தேவைப்படும் குவாரிகளுக்கு இன்னொரு வாயில் இருக்கிறது. 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், அறிவுசார் சொத்துரிமை சார்ந்த ரகசிய விவரங்கள் விண்ணப்பத்தில் குறிப்பிடப்பட்டிருந்தால் அவற்றை இணையதளத்தில் வைக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு. விண்ணப்பத்தில் நாமே குறிப்பிடாவிட்டால் அந்த வரியால் பயனில்லை. அதே அறிவிக்கை, எழுத்தில் கேட்பவர்கள் வரைவு அறிக்கையை அலுவலக நேரத்தில் பார்வையிடவும் வழி செய்கிறது. ஆகவே மிக முக்கியமான விவரத்தை, தேவையில்லாதபோது, வரைவு அறிக்கைக்குள்ளேயே கொண்டுவராமல் இருப்பதுதான் பாதுகாப்பு. படிவம் கேட்காத எதையும், 'இருக்கட்டும், கனமாக இருக்கும்' என்று சேர்க்கும் பழக்கம் எங்கள் தொழிலில் பரவலாக இருக்கிறது. வாங்குபவரின் கடிதத்தையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் சேர்க்கச் சொல்லிச் சட்டம் கேட்காத இடத்திலும் சேர்த்துவிட்டு, பிறகு அவற்றை எப்படி மறைப்பது என்று என்னிடம் கேட்க வருகிறார்கள்.

அடையாள ஆவணங்களும் அப்படித்தான். நிலம் கொடுத்த விவசாயியின் ஆதார் அட்டை, இரண்டு பக்கமும் தெளிவாக, சுரங்கத் திட்டத்தின் கடைசி இணைப்பாக இணையத்தில் ஏறியிருப்பதைக் கண்டிருக்கிறேன். குத்தகைதாரரின் லாபக் கணக்கைக் காக்க இத்தனை முயற்சி நடக்கும் கோப்பில், கையெழுத்துப் போட்ட பெரியவரின் எண்ணைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுக்க முடியும். அலுவலகம் முழு நகலைக் கேட்டால் நேரில் காட்டிச் சரிபார்க்கச் செய்துவிட்டு, கோப்பில் மறைத்த நகலையே வைக்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

மறைப்பது எப்படி என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு கன்சல்டன்சி தயாரித்த அறிக்கையில் விலைப் பட்டியலின் மேல் கறுப்புக் கட்டங்கள் போட்டிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் வரைபடம் போடும் தம்பி அந்தப் பிடிஎஃப் பக்கத்தில் கறுப்புக் கட்டத்தின் மேல் மவுஸை இழுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டினார். வாங்குபவர் பெயர், கன மீட்டர் விலை, முன்பணம் என்று எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. கட்டம் படத்துக்கு மேல்தான் இருந்தது, எழுத்து அடியில் அப்படியே இருந்தது. அதனால் மறைக்க வேண்டிய எண்ணை மூலக் கோப்பிலேயே அழித்து, அந்த இடத்தில் 'தனி உறையில்' என்று தட்டச்சு செய்து, பிறகு அச்செடுத்து ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்கிறேன். காகிதத்தில் மார்க்கரால் அடிப்பதும் போதாது. வெளிச்சத்தில் பிடித்தால் படிக்கலாம். அடித்த பக்கத்தை நகலெடுத்து, அந்த நகலைத்தான் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு விவரம் வேறு வழியில் போவதும் உண்டு. துளையிடும் ஒப்பந்ததாரர் நம் நிலத்தில் வேலை முடித்ததும் அடுத்த வாரமே போட்டியாளரின் நிலத்துக்குப் போகிறார். துளையிலிருந்து எடுத்த பாறைத் துண்டங்களை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, ஆழத்தைக் கட்டையில் எழுதிச் செருகி, வண்ணம் எடுப்பாகத் தெரியத் தண்ணீர் தெளித்துப் படம் எடுப்பார்கள். அந்தப் படம் மூன்று பேருடைய கைப்பேசிகளில் அன்றே இருக்கும். அறிக்கையின் பின்னிணைப்பிலும் பெரிய அளவில் அச்சாகும். பதிவேட்டின் பத்தியை மறைத்துவிட்டு இந்தப் படத்தை விட்டுவைத்தால் மறைத்ததில் அர்த்தமில்லை. துளையிடுபவர், ஆய்வகம், வரைபடக்காரர் ஆகியோரிடம் ஒரு பக்க அளவில் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் எழுதி வாங்குவது செலவில்லாத வேலை. பெட்டிகளைக் கொட்டகையில் பூட்டி வைப்பதும் அப்படியே.

எத்தனை காலத்துக்கு ரகசியம் வேண்டும் என்பதையும் கோரிக்கையிலேயே எழுதிவிடுவது நல்லது. பழைய 1960-ஆம் ஆண்டு கனிமச் சலுகை விதிகளில், ஆய்வு உரிமம் பெற்றவர் தன் அறிக்கையின் குறிப்பிட்ட பகுதியை ரகசியமாக வைக்கக் கேட்டால், உரிமம் முடிந்ததிலிருந்து அல்லது பணியைக் கைவிட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்கு மாநில அரசு அதைக் காக்க வேண்டும் என்று இருந்தது. கிரானைட்டில் அவ்வளவு நீண்ட காலம்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. முதல் பெஞ்ச் (குவாரியில் படிபோல வெட்டும் தளம்) திறந்து கல்லின் முகம் தெரிந்த பிறகு, சாலையில் லாரியை நிறுத்திப் பார்ப்பவருக்கே வண்ணம் தெரிந்துவிடும். கீழ்ப் பெஞ்சுகளின் துளைத் தரவு மட்டும் இன்னும் சில காலம் மதிப்போடு இருக்கும். இப்போது நான் தயாரிக்கும் தனி உறையின் முகப்புக் கடிதத்தில் எந்தப் பக்கம், என்ன காரணம், எந்தத் தேதி வரை என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி இருக்கும்; தேதி கடந்த பக்கங்களை அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் பொது இணைப்புக்கு மாற்றிவிடுகிறோம்.